நாய்க்குப் பெயர் இருந்தது

அந்தப் புத்தகத்தில் நாய்க்குப் பெயர் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இந்த வயதில் வடை தின்பதால் எரிகிறது என்கிறார்கள் வீட்டில். வடைக்கும் இதில் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் மூல காரணம் அந்த நாய்தான். நாயின் மேல் குற்றம் சொல்லவில்லை. அதற்குப் பெயர் வைத்து, அது செத்தபோது ஒன்றரைப் பக்கம் அழுதுவிட்டு, அதே கப்பலில் செத்த மூன்று மனிதர்களை அரை வரியில் முடித்துவிட்டுப் போன காப்டன் மேல்தான் என் வழக்கு. காப்டன் மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அதனால் என்ன, வழக்கு வழக்குதான்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் திருத்தணி தாலுகா கச்சேரிக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு சாய்வுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மனு எழுதிப் பிழைத்தேன். எங்கள் தாலுகா அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்ததால் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் மனு எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். மூன்றிலும் தப்பாக எழுதினேன். ஊரில் என்னை ‘ரைட்டர்’ என்பார்கள். அந்தப் பட்டத்தை நான் மறுத்ததில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமலே ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி எங்கள் ஊருக்கு ஓடிவந்தார்கள். மாட்டுக்கொட்டகைக்குக்கூடக் குடித்தனம் வந்தது. அப்படி வந்தவர்களில் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். மற்றவர்கள் அண்டா, குண்டான், அம்மிக்கல் என்று தூக்கிக்கொண்டு வந்தபோது இவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். எல்லாம் கப்பல் புத்தகம். கடல் வழியாகச் சத்துரு வருவான் என்று பயந்து ஓடிவந்த மனிதர், கடலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக் கூடவே எடுத்துவந்திருக்கிறார். பயம் தெளிந்து திரும்பிப் போகும்போது பெட்டி கனமாக இருந்ததோ என்னவோ, அதை எங்கள் ஊர் வாசகசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்.

வாசகசாலைக் காரியதரிசி ஒரு வக்கீல். புத்தகங்களின் முதுகில் தங்க எழுத்து இருந்ததால் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தினார். வருகிறவர்களுக்குக் காட்டினார். யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்று மட்டும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. நான் சந்தா கட்டிய அங்கத்தினன். விதிப்படி கேட்டேன், விதிப்படி கொடுத்தார். கொடுத்த கையோடு, “பதினாலு நாள். நாலு மூலையும் இப்படியே இருக்கணும்” என்றார்.

நான் எடுத்தது திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றின் காப்டன் எழுதிய சரித்திரம். படம் நிறைய இருந்தது. அதுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம். நான் நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். சரியாகச் சொன்னால், படிப்பு என்னை நிறுத்தியது. என்னிடம் இருந்த இங்கிலீஷ் அகராதியோ பழைய பேப்பர்காரனிடம் வாங்கியது. ஏ எழுத்தில் தொடங்கி எம் எழுத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் பாதி இங்கிலீஷ் முழுவதும் எனக்கு யூகம்தான். மனுக்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஏனென்றால் கச்சேரியிலும் அவற்றை யாரும் படிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பகல் ஒரு மணியிலிருந்து மூன்று வரை கச்சேரியில் குமாஸ்தாக்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். எனக்கும் வேலை இருக்காது. அந்த நேரத்தில் புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்துத் தமிழில் சொல்வேன். கேட்க இரண்டு பேர். ஒருவர் மரத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் பாய். இன்னொருவர் எதிர் ஓரத்தில் வடை சுடும் அக்கா. அக்கா பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரி. பாதி தெலுங்கு, பாதி தமிழ். என்னை ‘நைனா’ என்று கூப்பிடுவாள், அதில் மரியாதையைவிடக் கிண்டல்தான் அதிகம்.

முதல் நாள் திமிங்கிலத்தின் நீளம் வந்தது. அத்தனை அடி என்றால் அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. பாய் எழுந்து தன் கடை வாசலிலிருந்து அடி வைத்து நடந்தார். நடந்து நடந்து அக்காவின் அடுப்பில் வந்து நின்றது திமிங்கிலத்தின் வால்.

“அய்ய, நவுரு. வால எடு மொதல்ல. எண்ண காயுது” என்றாள் அக்கா.

“மீனா இது? இத்தாம் பெருசு எங்க வெச்சி அறுப்பாங்க ரைட்டரே?” என்றார் பாய்.

“கப்பலோட சேர்த்துக் கட்டி, தண்ணியில வச்சே அறுப்பாங்களாம் பாய். கொழுப்ப வெட்டி மேல இழுத்து, கப்பல்லயே அடுப்பு மூட்டி எண்ணெய் காய்ச்சுறாங்க.”

அக்காவுக்கு அப்போதுதான் புத்தகத்தில் சிரத்தை உண்டாயிற்று. அது எண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம். “எரிக்க வெறகு?”

“உருக்கின சக்கையையே எரிக்கிறான்.”

“பாரு, அவன் காசுல எதுவுமே எரிக்கல. அந்த எண்ணெல வட சுட்டா இன்னா வாசன வரும்?”

புத்தகத்தில் வடையைப் பற்றிய குறிப்பு இல்லை என்று சொன்னேன். அப்படியானால் எழுதினவனுக்குச் சமையல் தெரியாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கப்பல் கொடிமரத்தின் உயரத்தை மலைக்கோயில் படிகளில் கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் உயரம் என்றால் முந்நூற்றறுபத்தைந்து படிக்குள் அடங்கியாக வேண்டும். மரம் இருநூறாவது படி மட்டத்துக்கு வரும் என்று ஒரு தோராயமாகச் சொன்னேன். “அப்ப முருகன் இன்னும் மேலதான் கீறாரு” என்று அக்கா நிம்மதி அடைந்தாள். துடுப்பு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை ஓ எழுத்தில் வருகிறது. என் அகராதியில் இல்லை. ஆகவே படத்தைப் பார்த்து, மாலுமிகள் பெரிய பெரிய கரண்டிகளோடு திமிங்கிலத்தைத் துரத்தியதாகச் சொல்லிவந்தேன். மூன்றாவது நாள் பாய், “துடுப்பா இருக்கப்போவுது, பாரு ரைட்டரே” என்றார். பார்த்தேன். துடுப்புத்தான்.

அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் தம்பி கப்பலில் கலாசி. சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கல்கத்தாவுக்குப் போய் ஒரு சரக்குக் கப்பலில் சேர்ந்தவன். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுபோயிற்று. ஏழு மாதமாக ஒன்றும் இல்லை. பாய் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். விஷயத்தை நான் எழுதுவேன், ஆனால் உறையின் மேல் முகவரியை என்னிடம் விடமாட்டார். தம்பி அனுப்பியிருந்த சீட்டில் டைப் அடித்திருந்த இங்கிலீஷ் முகவரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே வரைவார். படிக்கத் தெரியாது. சைக்கிள் சக்கரத்தில் கோணல் எடுப்பது போல நாக்கைக் கடித்துக்கொண்டு வரைவார்.

“துறைமுக ஆபீசுக்கு ஒரு மனு போட்டுக் கேட்டுடலாமே பாய்” என்று ஒருமுறை சொன்னேன்.

“வாணாம். கேட்டா பதில் சொல்லிட்டான்னா?” என்றார்.

அதனால்தான் திமிங்கிலம் என்றதும் அக்கா எண்ணெயைக் கேட்டாள், பாய் வேறு விஷயம் கேட்டார். கப்பலில் படகு எத்தனை? ஆள் எத்தனை? படகில் இடம் பற்றாவிட்டால் யார் முதலில் ஏறுவது? தினமும் ஏதாவது ஒரு வழியில் இதே கேள்வி வந்துவிடும். என்ன கேட்கிறார் என்பது எனக்கும் தெரியும், வடை புரட்டிக்கொண்டே அக்காவுக்கும் தெரியும். கப்பல் முழுகினால் கலாசியைப் படகில் ஏற்றுவார்களா, மாட்டார்களா. அதற்குப் பதில் இந்தக் காப்டனுக்குத் தெரியும் என்று அவர் நம்பினார்.

புத்தகத்தின் நடுவில் கப்பல் எங்கள் பக்கத்துக் கடலுக்கு வந்தது. ஒரு துறைமுகத்தில் வேலையாட்கள் சிலர் சொல்லாமல் ஓடிப்போய்விட, அவர்களுக்குப் பதிலாக மூன்று லஸ்கர்களைச் சேர்த்துக்கொண்டதாகக் காப்டன் எழுதியிருந்தார். லஸ்கர் எல் எழுத்து. என் அரை அகராதி எனக்கு வாழ்க்கையில் உருப்படியாக உதவிய ஒரே இடம் அதுதான். இந்திய தேசத்துக் கப்பலாள் என்று போட்டிருந்தது.

“லஸ்கருங்களாம், நம்ம ஆளுங்க மூணு பேர் ஏறிட்டாங்க பாய்” என்றேன்.

பாய் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மூன்று பேருக்கும் சேர்த்து அக்காவிடம் வடை சொன்னார். எந்த மூன்று பேருக்கு என்று அக்கா கேட்கவில்லை, அவள் பாட்டுக்குக் கொடுத்தாள். நான்தான் தின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கச்சேரி இல்லை. வீட்டில் உட்கார்ந்து மேலே என்ன வருகிறது என்று முன்கூட்டிப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். திமிங்கிலம் வாலால் அடித்து ஒரு படகு நொறுங்குகிறது. படகிலிருந்த துணை அதிகாரி செத்துப்போகிறார். அவர் பெயர், அவர் பிறந்த ஊர், அவருடைய தாயார் எவ்வளவு நல்லவள் என்பது, எல்லாம் வந்தது. ஈட்டிக்காரன் செத்துப்போகிறான், அவன் பெயரும் ஊரும் வந்தன. அதன் கடைசியில் ஒரு கமா போட்டு, ‘மூன்று லஸ்கர்களும்’ என்றிருந்தது. முற்றுப்புள்ளி. அடுத்த வரியில், அந்தத் திமிங்கிலத்தில் இத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைத்தது.

இன்னும் பத்துப் பக்கம் தள்ளி நாய் செத்தது. அதற்குத்தான் ஒன்றரைப் பக்கம். அது வாலாட்டுகிற விதம், மழையில் அது படுத்துக்கொள்கிற மூலை, காப்டனுடைய தட்டிலிருந்து அது எதைத் தின்னும் எதைத் தின்னாது, எல்லாம் இருந்தது. அதற்குக் கித்தான் துணி சுற்றிக் கடலில் இறக்கி ஜபம் வேறு படித்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி படித்தேன். கண்ணாடி இல்லாமலும் அப்படியேதான் இருந்தது. வாசகசாலையில் நின்றபடி புரட்டிப் பார்த்த மற்ற கப்பல் புத்தகங்களும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. எல்லாவற்றிலும் பாய்மரச் சீலை ஏற்றப்பட்டது, நங்கூரம் தூக்கப்பட்டது, தளம் கழுவப்பட்டது. யார் ஏற்றினார்கள், யார் தூக்கினார்கள்? காற்றே ஏற்றி, மீனே கழுவியதா? புயல் வந்தால் காப்டன் ஒருவரே கப்பலைக் காப்பாற்றிவிடுகிறார். எங்கள் ஊரில் காவடிக்காரன் மலையேறினால் அவனோடு கொட்டு அடித்தவனும் ஏறினான் என்று யாராவது சொல்வார்கள். இத்தனை அகலமான கடலில் அந்த அளவு மரியாதைக்கு இடம் இல்லையா?

திங்கட்கிழமை பகல். பாய் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். நான் படித்தேன். படகு உடைந்தது. துணை அதிகாரி செத்தார். ஈட்டிக்காரன் செத்தான்.

“நம்ம ஆளுங்க?”

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. “மூணு பேரும் பலகையப் புடிச்சிக்கினு மிதந்தாங்க பாய். அடுத்த படகு வந்து தூக்கிடுச்சு.”

“படகுல ஏத்தினாங்களா?”

“ஏத்தினாங்க.”

பாய் அன்று சாயங்காலம் வரை விசிலடித்துக்கொண்டு பஞ்சர் ஒட்டினார்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. இன்னும் இருநூறு பக்கம் பாக்கி இருந்தது. செத்த மூன்று பேருக்கும் நான் தினமும் வேலை கொடுக்க வேண்டும், சாப்பாடு போட வேண்டும், தூங்கவைக்க வேண்டும். மனு எழுதுவது இதற்கு எவ்வளவோ மேல். ஒருவனைச் சமையல் கட்டில் சேர்த்தேன். ஒருவனைக் கொடிமரத்தின் மேல் காவலுக்கு ஏற்றினேன். மூன்றாமவனைப் பாடவைத்தேன். பாய்க்குப் பாடுகிறவனைப் பிடித்திருந்தது, அவர் தம்பியும் பாடுவானாம். காப்டன் நாய்க்காக அழுத பக்கங்களை அப்படியே விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் மூன்று பேருக்கும் புது உடுப்பு கொடுத்ததாகச் சொன்னேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. காப்டனைவிட நான் நல்ல மனிதன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குத்தான் சந்தேகம் தட்டியது.

“நைனா, நேத்து அவன் மரத்து மேல இருந்தான். இன்னிக்கி அடுப்பாண்ட குந்திகினு கீறான். எப்ப எறங்குனான்?”

“ராத்திரி எறங்கினான்.”

“ஆங். பொஸ்தவத்துல கீதா அது?”

“இருக்கு.”

“இருக்கிறத படிக்கசொல்ல உன் கண்ணு பொஸ்தவத்துல இருக்கும். இந்த மூணு பேர் வரசொல்ல மட்டும் உன் கண்ணு என் வடச்சட்டியாண்ட வருது. இன்னா விசியம்?”

பாய் அப்போது ஒரு டயரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்தேன். கடையை மூடும்போது வந்து, “ரைட்டரே, இன்னிக்கி ஒரு நாளு பொஸ்தவம் எங்கிட்ட இருக்கட்டும்” என்றார். படம் பார்ப்பதற்காக்கும் என்று கொடுத்துவிட்டேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத மனிதர் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடுவார் என்கிற தைரியம்தான். படிக்கத் தெரிந்தவர்களுக்கு இருக்கும் இந்தத் தைரியம் செருப்பால் அடிக்கத் தக்கது.

மறுநாள் பகல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் பெட்டியின் மேல் வைத்தார். இரண்டு பக்கங்களில் சைக்கிள் டியூபிலிருந்து கத்தரித்த சிவப்பு ரப்பர்த் துண்டு அடையாளமாக வைத்திருந்தது. மடியிலிருந்து தம்பியின் முகவரிச் சீட்டை எடுத்து விரித்தார். தம்பி பெயருக்கு அடுத்தாற்போல் இருந்த வார்த்தையின் மேல் கிரீஸ் விரலை வைத்தார்.

“பேருக்குப் பக்கத்துல வேலையப் போட்டிருக்குன்னு தம்பி சொல்லிக்கீறான். இது லஸ்கருதான?”

“ஆமா.”

“ஏழு மாசமா வரைஞ்சிகினு வரேன். இருட்டுல கூட வரைவேன். இது பொஸ்தவத்துல எங்க கீதுன்னு மொத தாள்லேருந்து தேடினேன். ரெண்டே எடம். ஒண்ணு, கப்பல்ல ஏறுனாங்கன்னு நீ சொன்னியே அந்த எடம். இன்னொண்ணு படகு உடஞ்ச படத்துக்கு அடுத்த பக்கம். அதுக்கப்புறம் எரநூறு பக்கம். ஒரு எடத்துல கூட இல்ல.” சீட்டை மடித்து மடியில் செருகினார். “பாடறவன் எங்க போனான் ரைட்டரே?”

அக்கா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றாள்.

“படி நைனா” என்றாள். “கீறத படி.”

படித்தேன். அந்த அரை வரியைத் தமிழில் சொல்ல மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

“பேரு?” என்றார் பாய்.

“போடல.”

“மத்த ரெண்டு பேருக்கு?”

“போட்டிருக்கு. ஊரும் போட்டிருக்கு.”

நாயையும் சொல்லிவிட்டேன். மறைத்தது போதும் என்று தோன்றியது. பாய் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அக்காதான் பேசினாள்.

“நாயி இன்னா தின்னும்னு தெரியுது அவனுக்கு. கூட துடுப்பு வலிச்சவன் பேரு தெரியல. அந்த எண்ண விளக்க எரிச்சவன் வீட்டுல எல்லாம் இருட்டா போவ.”

பாய் என்னைப் பார்த்துக் கேட்டது வேறு. “நீ ஏன் பொய் சொன்ன?”

“உங்களுக்காகத்தான் பாய்.”

“எனக்காவ இல்ல. அவனும் அந்த மூணு பேர அரை வரில தள்ளிட்டான், நீயும் தள்ளிட்ட. அவன் சாவடிச்சிட்டுத் தள்ளினான், நீ சோறு போட்டுத் தள்ளின. செத்தவங்கன்னு தெரிஞ்சா ஒரு வார்த்த ஓதியாவது இருப்பேன்.”

காப்டன் மேல் இருந்த கோபம் பாதி அன்று என் மேல் திரும்பியது. இன்றுவரை அந்தப் பாதி என்னிடம்தான் இருக்கிறது.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. ஆடு காணாமல் போய்விட்டது என்று மனு கொடுத்தாலும் பெயர், தகப்பன் பெயர், ஊர் இம்மூன்றும் இல்லாமல் கச்சேரியில் வாங்கமாட்டார்கள். ஒன்று விட்டுப்போனாலும் மனுவின் ஓரத்தில் ஒரு வாசகம் எழுதி முகத்தில் எறிவார்கள். என் மனுக்களின் ஓரத்தில் அந்த வாசகம் எத்தனை முறை எழுதப்பட்டதோ, கணக்கே இல்லை. அன்று நான் பேனாவை மையில் தோய்த்து, காப்டனுடைய அரை வரிக்குப் பக்கத்து ஓரத்தில் எழுதினேன்: ‘மேற்படி மூவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர் விவரம் இல்லை. மனு திருப்பப்படுகிறது. விவரம் சேர்த்து மறுபடி தாக்கல் செய்யவும்.’ கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். ஜென்மத்தில் முதல் தடவையாக அந்த வாசகத்தை நான் இன்னொருவருக்கு எழுதினேன். அதுவும் ஒரு துரைக்கு.

பாய் எட்டிப் பார்த்தார். “இன்னா எழுதின?” சொன்னேன். மை காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு, “என் தம்பிக்கும் எழுது. துறைமுக ஆபீசுக்கு” என்றார். “பதில் சொல்லட்டும். இன்னா வந்தாலும் வரட்டும். ஆனா பேர மேல எழுது. மொத வரில.”

முதல் வரியில் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல், வேலை. லஸ்கர் என்ற வார்த்தையைப் பாயே வரைந்தார்.

ஒரு மாதத்துக்குமேல் கழித்துப் பதில் வந்தது. நாலு வரி. மேற்படி கப்பல் சத்துருவால் மூழ்கடிக்கப்பட்டது. இந்திய ஆட்களில் சிலர் காப்பாற்றப்பட்டனர். அவர்களுடைய பெயர் விவரம் இந்த ஆபீஸில் இல்லை. ஆள் பிடித்து அனுப்பிய மேஸ்திரியை விசாரிக்கவும். துரைமார்களின் பட்டியல் மட்டும் தனித் தாளில் வைத்திருந்தார்கள், ஒழுங்காக, எண் போட்டு. எங்களுக்கு எதற்கு அது? ஆபீஸ் பழக்கம் போலிருக்கிறது.

“சிலர்னா எத்தினி?” என்றார் பாய்.

அதைக் கேட்டு மறுபடி எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். எழுத எழுத என் இங்கிலீஷுக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வந்தது என்று நினைக்கிறேன். தாழ்மையுள்ள, கீழ்ப்படிதலுள்ள என்ற வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். ஆறாவது மனுவில் வணக்கம்கூட இல்லை. ஏழாவதைப் படித்துக்காட்டியபோது அக்கா, “இத்த அனுப்பினா உன்னப் புடிச்சிகினு போவாங்க நைனா” என்றாள், ரொம்பத் திருப்தியாக.

இதற்கு நடுவே வாசகசாலையிலிருந்து ஆள்மேல் ஆளாக வந்துகொண்டிருந்தார்கள். பதினாலு நாள் கழிந்து எத்தனையோ பதினாலு நாள் ஆகிவிட்டது. புத்தகம் ஒரு சாட்சியம், வழக்கு முடியாமல் தரமுடியாது என்று சொல்லி அனுப்பினேன். வக்கீலுக்கு இந்தப் பாஷையில் சொன்னால் புரியும் என்று நினைத்தேன்.

மாம்பழக் காலத்தில் ஒரு நாள், மதியப் பாசஞ்சர் வந்துபோன கொஞ்ச நேரத்தில், ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஒருவன் நடந்து வந்தான். கறுத்து, மெலிந்து, தனக்கு இரண்டு மடங்கு பெரிய கோட்டு ஒன்றை வெயிலில் போட்டுக்கொண்டு வந்தான். பாய் கையில் ஒரு சக்கரம் இருந்தது. அதை வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றார். சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“கடுதாசி போட்டேன், வரலியா?” என்றான் தம்பி.

அடுத்த நாள்தான், என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் அக்காவுக்கும் கேட்கும்படி, இத்தனை நாள் புத்தகத்திடம் கேட்டதை அவனிடம் கேட்டார். “கப்பல் முழுவசொல்ல உங்கள படகுல ஏத்தினாங்களா?”

தம்பிக்குக் கேள்வி விளங்கவில்லை. “யாரு ஏத்தறது? படக எறக்குனதே நாங்கதானே. தொரைங்கள ஏத்தி குந்த வெச்சி, நாலு நாளு வலிச்சதும் நாங்கதான்.” கையைக் காட்டினான். உள்ளங்கை முழுக்க இன்னொரு தோல் தைத்தது போல இருந்தது. “மிஷின்கிட்ட கீழ இருந்தவங்கதான் மேல வரல. ஒம்போது பேரு.”

“அவங்க பேரு ஏதாவது…” என்று நான் தொடங்கினேன்.

“ஏதாவது இன்னா? பேரும் தெரியும், அப்பன் பேரும் தெரியும். ஊரு, ஊர்ல கெணறு எந்தப் பக்கம், எல்லாம் தெரியும். படுத்துகினு பேச வேற இன்னா இருக்குது அங்க?”

புத்தகத்தின் கடைசியில் எழுத்தில்லாத தாள் இரண்டு இருந்தன. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். வங்காளத்து ஊர்களெல்லாம் இருந்தன. என் தமிழ் எழுத்தில் அவை எப்படி வந்தனவோ தெரியாது. ஒருவன் பாலாற்றுக் கரையோரத்துக்காரன். பாய் பக்கத்தில் நின்றுகொண்டு, “அஞ்சாவது ஆளுக்குத் தகப்பன் பேரு உட்டுட்ட” என்று கச்சேரிக் குமாஸ்தா மாதிரி பிழை கண்டுபிடித்தார். சேர்த்தேன். காப்டனின் மூன்று பேருக்கும் மேலே மூன்று வரி இடம் விட்டிருந்தேன். அது இன்றும் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம்: இவ்வளவு கத்துகிறாயே, நீ இதில் யார் பெயரையாவது எழுதினாயா? எழுதவில்லை. பாய், அக்கா, தம்பி, வக்கீல். காப்டன் செய்ததையேதான் செய்திருக்கிறேன். அந்த ஒன்பது பெயரையும் எழுத வேண்டிய இடத்தில் எழுதியாயிற்று, இங்கே போட அவர்கள் வீட்டாரை நான் கேட்கவில்லை என்பது என் சமாதானம். காப்டனிடமும் ஏதாவது ஒரு சமாதானம் இருந்திருக்கும். நாயின் பெயரையும் நான் எழுதவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து கவனிக்கவும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நானும் பாயும் போனோம். வக்கீல் முதலில் நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். பிறகு பிரித்தார். ஓரத்தில் என் வாசகத்தைப் பார்த்தார். கடைசித் தாள்களைப் பார்த்தார்.

“யார் இவங்க எல்லாம்?”

“கப்பல்ல செத்தவங்க.”

“இந்தக் கப்பல்லயா?”

“வேற கப்பல்.”

“வேற கப்பல்ல செத்தவங்கள இதுல ஏன் எழுதின? இது என்ன கல்வெட்டா? நன்கொடையா வந்த புத்தகம். பாழாக்கிட்டே.”

நாயைப் பற்றியும் அரை வரியைப் பற்றியும் எடுத்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “நாய்க்குப் பேர் இருந்தா உனக்கென்னப்பா?” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து, என் பக்கத்தைத் திருப்பி, சிவப்பு மையில் அளவுகோல் வைத்து ஒரு கோடு அடித்தார். இனிமேல் இந்தப் படி ஏறக்கூடாது என்றார். பாய் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“படிக்க முடியுதா ரைட்டரே?”

முடிந்தது. மெல்லிய கோடு. அடித்த பிறகும் என் பெயர் தெரிந்தது, தகப்பன் பெயர் தெரிந்தது, ஊர் தெரிந்தது.